குருமண்வெளிப் பாதையில் இரண்டு சிறுமிகள்: நட்பைப் பற்றிய ஒரு படநூலுக்கு ஆலோசனை தேவை

படுவான்கரை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஆரம்பப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். எங்கள் வகுப்பின் வாசிப்பு மூலையில் இருக்கும் படநூல்களில் பெரும்பாலானவை வேறு ஊர்களின் மரங்களையும் வேறு ஊர்களின் வீடுகளையும் காட்டுகின்றன. வாவியைக் கடந்து வரும் ஆசிரியர்களிடம் படித்து, வாவியில் மீன் பிடிக்கும் தகப்பனிடம் வளரும் பிள்ளைகளின் கையில், வாவி இருக்கிற ஒரு படநூல் இல்லை. அந்தக் குறை நெடுநாளாக மனத்தை அரித்ததால் நானே ஒன்றை எழுதத் துணிந்தேன்.

கதை இதுதான். வதனி மண்டூர்க் கரையில் இருப்பவள். அவளுடைய அப்பா, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியில் ஓடும் பாதை என்ற மிதவையில் வேலை செய்கிறார். ஹஸ்னா மருதமுனைச் சிறுமி. அவளுடைய வாப்பா கைத்தறிச் சாரங்களையும் சேலைகளையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு படுவான்கரை ஊர்களில் விற்கப் போவார். சனிக்கிழமைகளில் ஹஸ்னாவும் உடன் வருவாள். முதல் வாரங்களில் இருவரும் பேசுவதில்லை. ஒருநாள் ஹஸ்னா தறியில் எஞ்சிய வண்ண நூல்களை வதனிக்குக் கொடுக்கிறாள். பிறகு மாரி வருகிறது, வாவி பெருகுகிறது, பாதை நிற்கிறது. வதனி அந்த நூல்களைக் கரையில் உள்ள தூணில் கட்டிவைத்துக் காத்திருக்கிறாள்.

என் பிரதி 1,400 சொற்கள் கொண்டது. கடைசி இரு பக்கங்களில் வதனியின் அம்மம்மா நட்பின் பெருமையை எடுத்துச் சொல்கிறார். வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஓவியரிடம் பிரதியை அனுப்பினேன். “பாதை வந்தது” என்று நான் எழுதிய இடத்துக்கு அவர் இருபுறமும் மரங்கள் நிற்கும் செம்மண் தெருவொன்றை மிக அழகாக வரைந்து அனுப்பியிருந்தார். நம்மூரில் பாதை என்றால் மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைத் தளம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சொல்லாமல் விட்டது என் தவறு. பிரதியையும் அவர் வரைந்த படங்களையும் உங்களுக்கும் அனுப்புகிறேன். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருக்கோவில் வாசகி:

டீச்சர், நீங்கள் அனுப்பிய பிரதியை நேற்றிரவு ஆறு வயது மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பாதை நின்றுபோன இடம் வரைக்கும் அவன் அசையவில்லை. அம்மம்மா பேசத் தொடங்கிய மூன்றாவது வரியில், முடிந்துவிட்டதா என்று கேட்டபடி தாளை அவனாகவே புரட்டினான். இரண்டாம் முறை வாசித்தபோதும் அதே இடத்தில்தான் புரட்டினான். அம்மம்மா சொல்வதெல்லாம் நல்ல விடயங்கள்தாம். ஆனால் வதனி தூணில் நூலைக் கட்டியபோதே என் மகனுக்கு அது விளங்கிவிட்டது. விளங்கியதை மீண்டும் சொல்லும்போது பிள்ளை அதைப் பாடமாகத்தான் கேட்கிறது.

அவன் கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. “நூல் மெல்லிசுதானே அம்மா, அது எப்படி அக்கரைக்குத் தெரியும்?” என்றான்.

கோடும் நிறமும்:

கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து, இப்போது சிறுவர் நூல்களுக்கு வரைந்து வருகிறேன். டீச்சருடைய கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே சற்று விரிவாக எழுதுகிறேன்.

படநூலில் எழுத்து பாதிக் கதையைச் சொல்கிறது, படம் மறுபாதியைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையே சொன்னால் ஒன்று வீணாகிறது. உங்கள் பிரதியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: “நீல நிறச் சட்டை அணிந்திருந்த வதனி, கரையிலிருந்த தூணில் சாய்ந்தபடி, மழை நீர் முகத்தில் வழிய, மிகுந்த கவலையுடன் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.” சட்டையின் நிறமும் தூணும் மழையும் முகமும் என் வேலை. அவற்றை என்னிடம் விட்டுவிட்டால் உங்களிடம் எஞ்சுவது, படத்தால் சொல்ல இயலாத ஒன்று மட்டுமே: “இந்தச் சனிக்கிழமையும் பாதை ஓடவில்லை.” இந்த ஒரு வரியில் ‘உம்’ என்ற இடைச்சொல், போன சனிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. அப்படி ஒரு காலக்கணக்கைப் படத்தில் காட்ட எனக்கு நான்கு பக்கங்கள் வேண்டும்.

இந்த முறையில் வடிகட்டினால் 1,400 சொற்கள் முந்நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கும். அதற்கு முன் ஒரு மாதிரி நூல் செய்துபாருங்கள். ஆறு ஏ4 தாள்களை அடுக்கி நடுவே மடித்தால் 24 பக்கங்கள் கிடைக்கும். முதற் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம், மூன்றாவது பக்கத்தில் கதை தொடங்கும், அதன்பின் பத்து இரட்டைப் பக்க விரிப்புகள், கடைசியில் ஒரு தனிப் பக்கம். உங்கள் வாக்கியங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி இவற்றில் ஒட்டிப் பாருங்கள். தாளைப் புரட்டுவது ஒரு நிறுத்தம். “மறுநாள் வதனி ஓடி வந்தாள்” என்பது வலப்பக்கத்தில் இருந்தால், அவள் கண்டது என்ன என்பது புரட்டிய பிறகுதான் தெரிய வேண்டும்.

நூல் அக்கரைக்குத் தெரியாது என்று சொன்ன சிறுவன் சொன்னது முற்றிலும் சரி. பெரியவர்களான நாம் எவரும் அதைக் கவனிக்கவில்லை.

அச்சுக்கோப்பு:

மட்டக்களப்பில் அச்சுத் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். நூல் முடிந்த பிறகு அச்சகத்துக்குப் போவது பலரின் வழக்கம். படநூலுக்கு அது பொருந்தாது. பக்க எண்ணிக்கையும் கம்பித் தைப்பும் கதையின் வடிவத்தையே தீர்மானிக்கின்றன.

நடுவில் கம்பி அடித்துத் தைக்கும் 24 பக்க நூலில் 12ஆம், 13ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளாக அமைகின்றன. மற்ற எல்லா விரிப்புகளிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுவேறு இடங்களில் அச்சாகி, மடித்து அடுக்கும்போதுதான் சந்திக்கின்றன. மயிரிழை விலகினாலும் படம் உடைந்து தெரியும். ஆகவே பெருகிய வாவியைச் சொல்லே இல்லாமல் இரு பக்கமும் நிறைத்துக் காட்டும் எண்ணம் இருந்தால், அதற்கு உரிய இடம் அந்த நடு விரிப்புத்தான். கதையின் நடுவும் அங்கேயே வருவது நல்ல பொருத்தம். மற்ற விரிப்புகளில் பிள்ளைகளின் முகம் மடிப்புக் கோட்டில் விழாமல் ஓவியர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரம்வரை வரும் படங்களை வெட்டு அளவுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டி வரைய வேண்டும், இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கீற்று ஒன்று எட்டிப் பார்க்கும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று தெரியும் வாவியின் பச்சை கலந்த நீலம் தாளில் மங்கித்தான் விழும். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு வரைந்தால் ஏமாற்றம் இல்லை. அச்சிடப் போகும் அதே தாளில் ஒரு மாதிரிப் படி கேளுங்கள். பளபளப்பான தாளை விட மங்கல் பூச்சுத் தாள் நல்லது. வகுப்பறை யன்னல் வெளிச்சம் பளபளப்பான தாளில் பட்டால் பின்வரிசைப் பிள்ளைக்குப் படம் தெரியாது.

எழுத்துரு விடயத்தில் ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு சிறுவர் மலரை யுனிகோடுக்கு மாற்றியபோது ‘ஹ’, ‘ஸ’ வந்த இடங்களில் வேறு குறிகள் நுழைந்துவிட்டன. பிழை திருத்தியவர் கதைப்பகுதியைப் பார்த்தார், பெயர்ப் பட்டியலைப் பார்க்கவில்லை. தம் பெயரை அச்சில் முதன்முதலாகத் தேடிய பிள்ளைகள் சிதைந்த எழுத்துகளைக் கண்டார்கள். உங்கள் நூலில் ஹஸ்னா என்ற பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். தொடக்கத்திலிருந்தே யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் நிற்கும். ஒளியச்சுப் படியை எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

தறிமேடை:

டீச்சர், நான் மருதமுனைக்காரன். எங்கள் வீட்டில் தறி இருந்தது. வாப்பா நெய்தார், உம்மா நூல் சுற்றினார். உங்கள் கதையில் எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்தி வருவதைக் கண்டு எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி ஏற்பட்டது.

சிறுவனின் கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு முடியும்போது கடைசியில் நெய்யும் துண்டு சாரத்தின் அளவுக்குப் போதாமல் போவதுண்டு. நூல் முனைகள் குஞ்சம்போலத் தொங்கும் அந்தத் துண்டை நாங்கள் சிறுவயதில் கொடியாகக் கட்டி விளையாடினோம். ஹஸ்னா முதலில் நூல்களைத் தரட்டும். மாரிக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமையில் ஒரு சிவப்புத் துண்டைத் தரட்டும். சிவப்புத் துணி மழைக்காலத்துச் சாம்பல் வானத்தில் அக்கரைக்கும் தெரியும்.

முதல் ஓவியத்தில் ஹஸ்னா எல்லாப் பக்கத்திலும் முக்காட்டோடும், அவளுடைய வாப்பா எப்போதும் தொப்பியோடும், வதனி நெற்றி நிறையப் பொட்டோடும் இருப்பதைப் பார்த்தேன். வரைந்தவர் நல்லெண்ணத்தோடுதான் வரைந்திருக்கிறார். ஆனாலும் அந்தப் படத்தில் நான் கண்டது அடையாள அட்டைகளை, பிள்ளைகளை அல்ல. எட்டு வயதுச் சிறுமி மோட்டார் சைக்கிளில் துணி மூட்டைக்கும் வாப்பாவின் முதுகுக்கும் இடையே நெருக்குண்டு, முக்காடு கழுத்தில் சரிந்து, தலைமயிர் காற்றில் கலைந்துதான் வந்து இறங்குவாள். அவள் விரலில் சாயம் ஒட்டியிருக்கும். அந்த விரலை ஒருமுறை பெரிதாக வரையுங்கள். அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை அது சொல்லிவிடும்.

படுவான்கரை ஆசிரியை:

தம்பி தறிமேடைக்கு என் நன்றி. சாயம் ஒட்டிய விரலை நான் எழுதியிருக்க முடியாது, அதைக் கண்டவர்தான் சொல்ல முடியும்.

ஒரு விடயத்தில் மட்டும் தயங்குகிறேன். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்று கிழக்கில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அம்மம்மாவின் பேச்சை நீக்கச் சம்மதிக்கிறேன். அந்த ஒரு தொடரையாவது அவர் வாயில் வைக்கலாமா? அதுவும் இல்லாவிட்டால் இந்த நட்பு எதனால் முக்கியம் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

தறிமேடை:

அந்தத் தொடரின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது மேடைகளில் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்வது. பெரும்பாலும் ஏதோ ஒன்று முறிந்த பிறகுதான் அதைச் சொல்கிறோம். வன்முறையில் இரு சமூகத்தாரும் உயிரிழந்த 1990ஆம் ஆண்டை மறக்க முடியாத ஒரு மூத்தம்மாவின் மடியில் அல்லது அம்மம்மாவின் மடியில் இருந்துதான் ஒரு பிள்ளை இந்த நூலைக் கேட்கும். வாசித்துக் காட்டும் அந்தப் பெரியவரின் குரல் அந்த வரியில் இடறும். ஒன்றாக வாழுங்கள் என்று அவருக்கு நாம் புத்தி சொல்ல வேண்டியதில்லை. இரு பிள்ளைகள் பாதையின் விளிம்பில் இருந்து ஒரே பொட்டலத்தில் கச்சான் உரித்துத் தின்பதை அவர் பார்த்தால் போதும். தோல் வாவியில் மிதந்து போகட்டும்.

நூலகத் திண்ணை:

கல்முனையில் ஒரு நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பெயரைக் குறித்து ஒரு கருத்து. தரம் 1, தரம் 2 மாணவர்களுக்கு ‘ஹ’, ‘ஸ’ ஆகிய எழுத்துகள் இன்னும் முழுமையாகப் பழகியிருக்காது. ஒரே பெயரில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ‘பாத்திமா’, ‘மரியம்’, ‘நூரா’ போன்ற பெயர்களில் ஒன்றைத் தெரிவு செய்தால், பிள்ளை எவருடைய உதவியும் இல்லாமல் தானாகவே நூலை வாசிக்க முடியும். பிள்ளை தடுக்கி விழும் இடத்தில் கதையும் நின்றுவிடுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

திருக்கோவில் வாசகி:

இதில் நான் உடன்படவில்லை. பெயர் என்பது பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் சொல் அல்ல, முழு உருவமாகப் பிடித்துக்கொள்ளும் சொல். என் மகன் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைப் பாடத்தில் படிக்கும் முன்பே பக்கத்து வீட்டு நண்பனின் கொப்பியில் படித்துவிட்டான். கதையின் முதல் சில பக்கங்களில் ஹஸ்னாவைப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பெயர் தடையாக இராது. இன்னொன்றும் இருக்கிறது: எழுத்துக் கடினம் என்பதற்காக ஒருவருடைய பெயரை மாற்றச் சொல்வது, நட்பைப் பற்றிய நூலில் செய்யத் தகாத காரியம் என்று எனக்குப் படுகிறது.

நூலகத் திண்ணை:

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வாக்கியங்கள் குறுகியவையாகவும், ஒவ்வொரு வரியும் பொருள் முடியும் இடத்தில் மடங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுத்து 18 புள்ளிக்குக் குறையவே கூடாது. மழை வானத்தின் கருமையின் மேல் எழுத்தை அச்சிடவும் வேண்டாம்.

வேறு சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச தராதரப் புத்தக எண்ணைத் (ISBN) தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே விண்ணப்பித்தால்தான் எண்ணைப் பதிப்பு விவரப் பக்கத்தில் சேர்க்க முடியும். ஓவியருடன் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் ஓவியமும் எழுத்தைப் போலவே பாதுகாக்கப்படும் படைப்பு. மறுபதிப்பு, பிறமொழிப் பதிப்பு, படங்களைச் சுவரொட்டியாக்குவது ஆகியவற்றை இப்போதே பேசி எழுதிவைத்தால் பின்னர் மனக்கசப்பு வராது. சிங்களத்தில் இந்த நூல் வர வேண்டும் என்று எனக்கு ஆசை, ஆகவே அதையும் மறக்காமல் எழுதுங்கள். ஓவியரின் பெயர் அட்டையில் எழுத்தாளரின் பெயருக்குச் சமமான அளவில் இருக்க வேண்டும்.

கோடும் நிறமும்:

டீச்சர், உங்கள் பழைய பிரதியில் ஓர் இடத்தில் ஹஸ்னா போகும்போது வதனி “மறுகா வா” என்கிறாள். அடுத்த திருத்தத்தில் அதைப் “பிறகு வா” என்று மாற்றியிருக்கிறீர்கள். தயவுசெய்து பழையதை மீட்டுவிடுங்கள்.

படுவான்கரை ஆசிரியை:

பாடநூல் தமிழில் அது இல்லையே என்று அஞ்சித்தான் மாற்றினேன். வகுப்பில் பிள்ளைகள் ‘மறுகா’ என்று எழுதினால் நானே திருத்துகிறேன். அதே சொல்லை என் நூலில் எழுதினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற குழப்பம் எனக்கு இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். நேற்றுப் பாதையில் வரும்போது அருகே நின்ற ஒரு முஸ்லிம் வியாபாரி தொலைபேசியில் “மறுகா எடுக்கன்” என்று சொல்லி வைத்தார். அதே நேரத்தில் என் பின்னால் நின்ற எங்களூர்ப் பெண் ஒருவர் மகனிடம் “மறுகா வாங்கித் தாறன்” என்றார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சொல்லை நேற்றுத்தான் கேட்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது. பிட்டையும் தேங்காய்ப்பூவையும் எங்கே வைப்பது என்று தவித்தேன்; அவற்றுக்குரிய இடத்தில் இந்தச் சொல் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

ஆகவே இப்படித் தீர்மானித்திருக்கிறேன். கதையை நடத்தும் வாக்கியங்கள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கும். பிள்ளைகள் வாய்திறந்து பேசும் இடங்களில் நம்மூர்ப் பேச்சு இருக்கும். ‘பாதை’ என்ற சொல்லும் அப்படியே நிற்கும். மூன்றாம் பக்கத்தில் “பாதை வருகிறது” என்ற வரியும், அதற்கு மேலே இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் ஒரு வாழைக்குலையையும் பத்துப் பேரையும் சுமந்துகொண்டு தண்ணீரில் வரும் பாதையின் படமும் இருந்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மலையகத்துப் பிள்ளைக்கும் விளக்கக் குறிப்பு தேவைப்படாது.

ஆறு தாள் மாதிரியில் ஒட்டிப் பார்த்த பின் பிரதி 310 சொற்களில் நிற்கிறது. ‘நட்பு’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. அம்மம்மா இருக்கிறார், ஆனால் பேசுவதில்லை. மழையில் நிற்கும் வதனியின் தலைக்கு மேல் ஓலைப் பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நடு விரிப்பில் வாவி மட்டும். அதற்கடுத்த பக்கங்களை இங்கே தருகிறேன்:

“முகத்துவாரம் வெட்டினார்கள்.
தண்ணீர் கடலுக்குப் போனது.”

“வதனி தூணைப் பார்த்தாள்.
சிவப்புத் துண்டு வெளுத்துப் போயிருந்தது.”

“சனிக்கிழமை பாதை வந்தது.
ஹஸ்னா வரவில்லை.”

“அடுத்த சனிக்கிழமை…”

இதற்குப் பின் 22ஆம், 23ஆம் பக்கங்களில் எழுத்து இல்லை. கடைசித் தனிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும்: “இது புதுத் துண்டு.” அதைச் சொல்வது ஹஸ்னாவா வதனியா என்று நான் எழுதவில்லை.

திருக்கோவில் வாசகி:

ஹஸ்னா வராத சனிக்கிழமையை மகனுக்கு வாசித்தபோது, “காய்ச்சலா இருக்கும்” என்று அவனாகவே காரணம் சொன்னான். தாளைப் புரட்டச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பக்கத்தை நீக்கிவிடாதீர்கள்.

கோடும் நிறமும்:

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குருமண்வெளித் துறைக்கு வருகிறேன். பாதையின் தளத்தையும் துறையின் தூண்களையும் நேரில் கோட்டோவியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கரையிலிருந்து பார்க்கும்போது ஒரு சிவப்புத் துண்டு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையும் கட்டிப் பார்த்துத்தான் வரையப் போகிறேன். டீச்சர் மண்டூர்ப் பக்கத்தில் நின்றால் உதவியாக இருக்கும்.

தறிமேடை:

துண்டை நான் கொண்டுவருகிறேன். உம்மாவின் பெட்டியில் பழைய பாவின் கடைசித் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. இரண்டு முழம் தேறும்.